பால்வினைத் தொற்றுப் பரிசோதனை: சென்னையில் காசில்லாமலும் எடுக்கலாம்

பெருங்குடியில் மருந்துக் கடை நடத்துகிறேன். சுற்றிலும் பி.ஜி. விடுதிகள், ஐ.டி. கம்பெனிகள், நாலைந்து பேர் சேர்ந்து எடுத்த வாடகை வீடுகள். இரவில் கடையில் ஆள் குறைந்த பிறகு வந்து, "அக்கா, சூடு பிடிச்சிருக்கு, ஒன்னுக்குப் போனா எரியுது, ஏதாவது மாத்திரை குடுங்க" என்று கேட்கும் பிள்ளைகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். சிலர் போனை நீட்டி மாத்திரையின் பெயரையே காட்டுவார்கள். அசித்ரோமைசின், செஃபிக்ஸிம், டாக்சிசைக்ளின். நண்பன் சொன்னான், வீடியோவில் பார்த்தேன் என்பார்கள். நான் கொடுப்பதில்லை.

மருந்துச் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது என்ற சட்டம் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், என்ன தொற்று என்று எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. சென்னை வெயிலில் தண்ணீர் குடிக்காமல் இருந்தாலும் எரியும். சிறுநீர்த் தொற்றிலும் எரியும், கல் இருந்தாலும் எரியும், உறவால் பரவும் கிளமிடியாவிலும், வெட்டை நோய் என்று பெரியவர்கள் சொல்லும் கொனோரியாவிலும் எரியும். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. கொனோரியா கிருமி பழைய மாத்திரைகள் பலவற்றுக்கு அடங்காமல் போய்விட்டது. இன்று மருத்துவர்கள் அதற்கு முக்கியமாக நம்புவது செஃப்ட்ரியாக்சோன் ஊசியை. ஒரு அட்டை மாத்திரையில் எரிச்சல் குறைந்து, கிருமி உள்ளேயே தங்கிவிட்டால், அது அடுத்தவருக்கும் போகும், உங்கள் விரைக்குழாயையோ கருக்குழாயையோ மெல்லக் கெடுக்கவும் செய்யும்.

பெயர் வெளியே தெரிந்துவிடும் என்று மருத்துவமனைக்குப் பயந்து கடைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். செஃபிக்ஸிம் போன்ற மருந்துகள் 2014இலிருந்து மருந்துச் சட்ட விதிகளின் எச்1 பட்டியலில் இருக்கின்றன. அவற்றை விற்றால் உங்கள் பெயர், எழுதிக்கொடுத்த மருத்துவர், மருந்தின் அளவு எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி, 3 வருடம் நாங்கள் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். ஆனால் சட்டப்படி ரகசியம் காக்கிற இடம் ஒன்று இருக்கிறது, அதுவும் இலவசமாக.

நம்பிக்கை மையமும் சுகவாழ்வு மையமும்

அரசு பொது மருத்துவமனைகளிலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் எச்.ஐ.வி. ஆலோசனையும் பரிசோதனையும் செய்யும் இடத்துக்கு நம்பிக்கை மையம் என்று பெயர். மற்ற பால்வினைத் தொற்றுகளைப் பார்த்து மருந்து கொடுக்கும் இடம் சுகவாழ்வு மையம். இரண்டிலும் காசு கிடையாது. சென்னையில் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம், ராயப்பேட்டை, தாம்பரம் சானடோரியம் என்று எந்தப் பக்கம் இருந்தாலும் உங்களுக்கு ஒன்று கிட்டத்தில் இருக்கும். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளை நான் பெரும்பாலும் சென்ட்ரல் ஜி.எச்.சுக்கு, அதாவது ராஜீவ் காந்தி மருத்துவமனைக்கு, அனுப்புவேன். பெருங்குடியில் பறக்கும் ரயில் ஏறிப் பார்க் டவுனில் இறங்கினால் நடக்கும் தூரம். அதோடு சேர்ந்த மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் பால்வினை நோய்களுக்கென்றே தனித் துறை நீண்ட காலமாக இயங்குகிறது. இந்தியாவில் எச்.ஐ.வி.யை 1986இல் முதலில் கண்டறிந்ததும் அந்தக் கல்லூரிக்காரர்கள்தான். பேராசிரியர் சுனிதி சாலமனும் அவரிடம் படித்த நிர்மலாவும் செய்த வேலை அது. உங்களைப் பார்த்து அதிர்ச்சி அடைய அங்கே யாரும் இல்லை.

போகும்போது இப்படிச் செய்யுங்கள். காலையிலேயே போங்கள், ஓ.பி. மதியத்துக்குள் முடிந்துவிடும். வயிற்றைக் காயப்போட்டுக்கொண்டு போக வேண்டாம். இந்த ரத்தப் பரிசோதனை எதற்குமே வெறும் வயிறு தேவையில்லை. பயத்தோடு பட்டினியும் சேர்ந்தால் ஊசி போடும்போது மயக்கம் வரும். வாசலில் இருக்கும் காவலரிடமோ சீட்டு எழுதுபவரிடமோ உங்கள் கதையைச் சொல்லத் தேவையில்லை. "நம்பிக்கை மையம் எங்க இருக்கு?" என்று மட்டும் கேளுங்கள். கர்ப்பிணிகள், அறுவை சிகிச்சைக்கு முன் ரத்தப் பரிசோதனைக்கு வருபவர்கள் என்று எல்லாரும் போகிற இடம்தான் அது. கேட்பதை வைத்து உங்களைப் பற்றி எதுவும் தெரிந்துவிடாது.

உள்ளே ஆலோசகர் ஒருவர் தனியாக உட்கார வைத்துப் பேசுவார். கடைசியாக எப்போது உறவு, காண்டம் இருந்ததா, ஆணோடா பெண்ணோடா, வாய்வழியா ஆசனவாய்வழியா, ஊசி போட்டுக்கொள்ளும் பழக்கம் உண்டா என்று கேட்பார். இதில் கூச்சப்பட்டு எதையும் மறைக்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். எந்தப் பரிசோதனை தேவை என்பதே அந்தப் பதில்களை வைத்துத்தான் முடிவாகும். தொண்டையிலோ ஆசனவாயிலோ இருக்கும் கொனோரியாவைச் சிறுநீர்ப் பரிசோதனை காட்டாது, அங்கிருந்தே பஞ்சுக்குச்சியில் எடுத்துப் பார்க்க வேண்டும். நீங்கள் சொல்லாவிட்டால் அங்கே எடுக்கவே மாட்டார்கள். "எல்லாம் நார்மல்" என்ற தாளை வாங்கிக்கொண்டு நிம்மதியாக வந்துவிடுவீர்கள், கிருமி உள்ளேயே இருக்கும்.

பிறகு உங்கள் சம்மதத்தோடு ரத்தம் எடுப்பார்கள். முடிவு பெரும்பாலும் அன்றைக்கே கிடைக்கும். முதல் சோதனையில் எதுவும் தெரியாவிட்டால் அன்றைக்கு அதோடு முடிந்தது. ஏதாவது தெரிந்தால் உடனே எச்.ஐ.வி. என்று சொல்லிவிட மாட்டார்கள், வேறு இரண்டு வகைக் கிட்டில் மறுபடி பார்த்து, மூன்றும் ஒத்துப்போனால்தான் சொல்வார்கள். அதையும் உங்களிடம் மட்டும்தான்.

2017ஆம் வருட எச்.ஐ.வி. சட்டம் 2018 செப்டம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. உங்கள் சம்மதம் இல்லாமல் பரிசோதிப்பதோ முடிவை வெளியே சொல்வதோ தவறு. வேலையில் சேர்க்கும் முன் எச்.ஐ.வி. பரிசோதனை கேட்பதும் தவறு. புதிதாக வேலையில் சேரும் பிள்ளைகள் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். 18 வயது ஆகாதவர்களுக்குப் பெற்றோர் அல்லது காப்பாளர் சம்மதம் வேண்டும்.

நேரில் போகத் தைரியம் வரவில்லை என்றால் முதலில் 1097க்குப் போன் செய்யுங்கள். காசில்லாத அழைப்பு, தமிழில் பேசலாம். உங்களுக்குக் கிட்டத்தில் எந்த மையம் என்று அவர்களே சொல்வார்கள். திருநங்கைகளும், ஆணோடு உறவு வைக்கும் ஆண்களும் தயங்காமல் போகக்கூடிய சமூக அமைப்புகள் எவை என்றும் அங்கே கேட்கலாம்.

நாள் கணக்கு பார்க்காமல் பரிசோதனைக்குப் போகாதீர்கள்

சனிக்கிழமை நடந்ததற்குத் திங்கட்கிழமை லேபுக்கு ஓடுகிறவர்கள் நிறைய. அந்த முடிவு அந்தச் சனிக்கிழமையைப் பற்றி எதுவும் சொல்லாது. கிருமி உடம்புக்குள் வந்து, சோதனையில் தெரியும் அளவுக்கு வளர நாளாகும்.

கிளமிடியா, கொனோரியாவுக்கு 2 வாரம் கழித்துப் பார்த்தால் போதும். எச்.ஐ.வி.க்குப் பெரிய லேபுகளில் செய்யும் நான்காம் தலைமுறைப் பரிசோதனை என்றால், ஆறேழு வாரத்தில் கிட்டத்தட்ட எல்லாருக்கும் தெரிந்துவிடும். விரலில் குத்தி உடனே பார்க்கும் வகை என்றால் 3 மாதம் கழித்து வரும் முடிவுதான் உறுதி. புண்ணில் தொடங்கும் சிபிலிஸுக்கு 6 வாரத்தில் ஒரு பரிசோதனை, 3 மாதத்தில் ஒன்று. மஞ்சள் காமாலை பி, சி (ஹெபடைடிஸ் பி, சி) இரண்டும் தெரியச் சில வாரம் முதல் சில மாதம் வரை ஆகும். அதனால் எதுவுமே முன்பு பரிசோதித்திராதவர்களுக்கு நான் சொல்வது: இப்போது ஒரு முறை எடுங்கள், பழையது எதுவும் இருந்தால் தெரிந்துவிடும். கடைசி உறவிலிருந்து 3 மாதம் கழித்து மறுபடி எடுங்கள்.

நடந்து 3 நாள்கூட ஆகாதவர்களுக்குக் கதை வேறு. காண்டம் கிழிந்துவிட்டது, அல்லது வற்புறுத்தல் நடந்துவிட்டது என்றால் பரிசோதனைக்காகக் காத்திருக்காதீர்கள். எச்.ஐ.வி. வராமல் தடுக்கும் மாத்திரை இருக்கிறது. 72 மணி நேரத்துக்குள் ஆரம்பிக்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, 28 நாள் சாப்பிட வேண்டும். பகலென்றால் பெரிய அரசு மருத்துவமனையில் எச்.ஐ.வி. மருந்து கொடுக்கும் ஏ.ஆர்.டி. மையம், இரவென்றால் அவசர சிகிச்சைப் பிரிவு. விடியட்டும் என்று இருக்காதீர்கள். அவசரக் கருத்தடை மாத்திரை தொற்றைத் தடுக்காது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பல பெண்கள் அதைப் போட்டுவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைக்கிறார்கள்.

ரத்த தானம் பற்றியும் சொல்ல வேண்டும். கம்பெனியில் முகாம் போடுகிறார்கள், கொடுத்தால் எச்.ஐ.வி., சிபிலிஸ், காமாலை எல்லாம் சும்மா பார்த்துவிடுவார்கள் என்று ஒரு பையன் என்னிடம் சொன்னான். தயவுசெய்து செய்யாதீர்கள். தொற்று இன்னும் சோதனையில் தெரியாத நாட்களில் நீங்கள் கொடுக்கும் ரத்தம், பிரசவத்தில் கிடக்கும் ஒரு பெண்ணுக்குப் போகலாம். பரிசோதனை வேண்டுமென்றால் நம்பிக்கை மையம் இருக்கிறது.

தனியார் லேபுக்குப் போவதானால்

எல்லாராலும் ஒரு காலைப் பொழுதை ஒதுக்க முடியாது, புரிகிறது. ஆனால் இணையத்தில் வரும் பெரிய பேக்கேஜைப் பார்த்து வாங்காதீர்கள். எச்.ஐ.வி., சிபிலிஸுக்கு வி.டி.ஆர்.எல்., காமாலைக்கு எச்.பி.எஸ்.ஏ.ஜி., இவற்றைத் தனித்தனியாகக் கேட்டால் ஒவ்வொன்றும் சில நூறு ரூபாயில் முடியும். கிளமிடியா, கொனோரியாவுக்கான பி.சி.ஆர். பரிசோதனைதான் ஆயிரக்கணக்கில் போகும். அந்தக் காசு உங்களிடம் இல்லையென்றால், முதல் மூன்றையும் நம்பிக்கை மையத்திலும் அரசு மருத்துவமனையிலும் இலவசமாகப் பார்த்துவிட்டு, இருக்கிற பணத்தை இதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். என் கணக்கில் இதுதான் சரியான செலவு.

பேக்கேஜில் தேவையில்லாமல் சேர்க்கப்படுவது ஹெர்பிஸ் ரத்தப் பரிசோதனை. கொப்புளமோ புண்ணோ இல்லாதவர்கள் அதை எடுக்க வேண்டாம். வாயோரம் வரும் ஹெர்பிஸ் கிருமியே உலகத்தில் பெரும்பாலானவர்கள் உடம்பில் இருக்கிறது, சிறு வயதிலேயே வந்திருக்கும். தாளில் பாசிட்டிவ் என்று பார்த்துவிட்டுத் தூக்கம் இல்லாமல் அழுதவர்களை எனக்குத் தெரியும். கொப்புளம் இருந்தால் மட்டும், அது காய்வதற்குள் மருத்துவரிடம் நேரில் காட்டுங்கள்.

சிறுநீர் கொடுப்பதில் ஒரு விஷயம். சாதாரணச் சிறுநீர்த் தொற்றுக்கு முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் பிடிக்கச் சொல்வார்கள். பி.சி.ஆருக்கு நேர் எதிர், முதலில் வருவதைத்தான் பிடிக்க வேண்டும், கால் டம்ளருக்கும் குறைவாகப் போதும். அதற்கு முன் குறைந்தது ஒரு மணி நேரமாவது சிறுநீர் போயிருக்கக் கூடாது. லேபில் இருப்பவர் பழக்க தோஷத்தில் நடுவில் பிடிக்கச் சொன்னால், எந்தப் பரிசோதனைக்கு என்று திரும்பக் கேளுங்கள். பெண்களுக்குச் சிறுநீரைவிடப் பிறப்புறுப்பிலிருந்து எடுக்கும் பஞ்சுக்குச்சி நல்லது, பல இடங்களில் நீங்களே எடுத்துக் கொடுக்கலாம். நீங்களாக ஏதாவது ஆன்டிபயாடிக் சாப்பிட்டிருந்தால் அதை மறைக்காமல் சொல்லுங்கள்.

வீட்டுக்கே வந்து ரத்தம் எடுப்பதானால் பதிவு செய்யும் முன் செயலியில் யாருடைய கணக்கு என்று பாருங்கள். அப்பாவின் சர்க்கரைப் பரிசோதனைக்குத் திறந்த கணக்கிலேயே பதிந்துவிட்டு, முடிவு ஊரில் இருக்கும் அப்பாவின் வாட்ஸ்அப்புக்குப் போனது உண்டு. உங்கள் எண், உங்கள் மின்னஞ்சல், தனிக் கணக்கு.

மின்சார ரயில் பெட்டியிலும் கழிவறைச் சுவரிலும் ஒட்டியிருக்கும் லாட்ஜ் வைத்தியர் நோட்டீஸைப் பார்த்து எங்கேயும் போகாதீர்கள். தூக்கத்தில் விந்து வெளியேறுவதையே வியாதி என்று பயமுறுத்தி லேகியம் விற்கிறவர்களிடம் போகும் பணம், நல்ல பரிசோதனைகள் எல்லாவற்றுக்கும் போதுமாக இருக்கும்.

பெண் பிள்ளைகளுக்கு

உங்களுக்குத்தான் இது இரட்டைக் கஷ்டம். கிளமிடியா இருக்கும் பெரும்பாலான பெண்களுக்கு ஒரு அறிகுறியும் இருக்காது. தெரியாமலே கருக்குழாய் வரை ஏறி, பின்னால் பிள்ளை பெறும் நேரத்தில் தொல்லை கொடுக்கலாம். அறிகுறி இருந்தாலும் மருத்துவரிடம் போனால் முதல் கேள்வியே "கல்யாணம் ஆயிடுச்சா?" என்பது. ஆகவில்லை என்ற பதிலைக் கேட்டதும் சிலர் மேலே கேட்காமல் விட்டுவிடுவார்கள், சிலர் புத்தி சொல்ல ஆரம்பிப்பார்கள். என் கடைக்கு வரும் பெண்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கும் பதில் இது: "கல்யாணம் ஆகலை டாக்டர். ஆனா உறவு இருக்கு. எச்.ஐ.வி., சிபிலிஸ், கிளமிடியா, கொனோரியா பார்க்கணும்." அப்படியே சொல்லுங்கள், தலை குனியத் தேவையில்லை. கேட்ட பரிசோதனையை எழுதாமல் அறிவுரை மட்டும் சொன்னால் நன்றி சொல்லிவிட்டு வேறு மருத்துவரைப் பாருங்கள். எழும்பூர் மகப்பேறு மருத்துவமனை, திருவல்லிக்கேணி கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை இரண்டும் பெண்களுக்கானவை.

வெள்ளைப்படுதல் எல்லாமே உறவால் வந்த தொற்று அல்ல. அரிப்போடு தயிர் திரிந்த மாதிரி வந்தால் பெரும்பாலும் பூஞ்சை, மீன் வாடை அடித்தால் பெரும்பாலும் உள்ளே இருக்கும் நல்ல கிருமிகள் குறைந்துபோனது. வீணாக உங்களையோ கூட இருப்பவரையோ சந்தேகப்படாதீர்கள், ஆனால் காட்டிவிடுங்கள். அடிவயிற்று வலியும் காய்ச்சலும் சேர்ந்து வந்தால் அன்றைக்கே போங்கள்.

பாசிட்டிவ் என்று வந்தால்

கிளமிடியா, கொனோரியா, சிபிலிஸ் மூன்றும் முழுதாகக் குணமாகும். ஆரம்பக் கட்ட சிபிலிஸுக்குப் பெனிசிலின் ஊசி ஒரே வேளையில் முடிந்துவிடும். இதில் ஏமாறுகிற இடம் ஒன்று: சிபிலிஸின் முதல் புண் வலிக்காது, மருந்தே போடாவிட்டாலும் சில வாரத்தில் தானாக ஆறிவிடும். ஆறியதால் போய்விட்டது என்று விட்டவர்களுக்குப் பின்னால் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தடிப்பு வரலாம். வேறு சில காய்ச்சல்களாலும் கர்ப்பத்தாலும்கூட வி.டி.ஆர்.எல். பாசிட்டிவ் காட்டலாம், அதனால் டி.பி.எச்.ஏ. என்ற இன்னொரு ரத்தப் பரிசோதனையும் பார்த்து உறுதி செய்த பிறகு பேசுங்கள். டி.பி.எச்.ஏ. குணமான பிறகும் பெரும்பாலும் பாசிட்டிவாகவே இருக்கும். பல வருடம் கழித்து அந்தத் தாளைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

சுகவாழ்வு மையத்தில் அறிகுறியைப் பார்த்தே மருந்துப் பொட்டலம் கொடுப்பார்கள். சிறுநீர்த் துவாரத்தில் வரும் நீர்க்கசிவுக்குச் சாம்பல் நிறம், வெள்ளைப்படுதலுக்குப் பச்சை, புண்ணுக்கு வெள்ளை, கொப்புளத்துக்குச் சிவப்பு, அடிவயிற்று வலிக்கு மஞ்சள் என்று வரிசை இருக்கிறது. சும்மா கொடுக்கிறார்களே என்று தரத்தைச் சந்தேகப்படாதீர்கள். என் அலமாரியில் இருக்கும் அதே மருந்துதான் உள்ளே இருக்கிறது.

எச்.ஐ.வி. என்றால் அரசு ஏ.ஆர்.டி. மையத்தில் வாழ்நாள் முழுக்க மருந்து இலவசம், 2017இலிருந்து தெரிந்த உடனேயே ஆரம்பித்துவிடுகிறார்கள். பெரும்பாலானவர்களுக்குத் தினம் ஒரு மாத்திரை. ஒழுங்காகச் சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி தெரியாத அளவுக்கு அடங்கிவிட்டால், உறவின் மூலம் அடுத்தவருக்குப் பரவாது. கல்யாணம், பிள்ளை எல்லாம் உண்டு. காமாலை சி வந்தாலும் பெரும்பாலும் 12 வாரம் மாத்திரையில் குணமாகிறது. அதற்கும் பி-க்கும் 2018இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் சிகிச்சை இலவசம்.

கூட இருப்பவரிடம் சொல்வதுதான் கடினம். ஆனால் கிளமிடியா, கொனோரியா போன்றவற்றில் ஒருவர் மட்டும் மருந்து சாப்பிட்டால் மறுபடி தொற்றிக்கொள்ளும். "எனக்கு டெஸ்ட்ல ஒன்னு வந்திருக்கு, மாத்திரை சாப்பிடுறேன், நீயும் பாத்துக்கோ" என்பதற்கு மேல் பேச வேண்டியதில்லை. யாரிடமிருந்து வந்தது என்ற சண்டையை மருந்து முடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம், பெரும்பாலும் கண்டுபிடிக்கவும் முடியாது. அறிகுறியே இல்லாமல் மாதக்கணக்கில் இருந்திருக்கலாம். இருவரும் மருந்து முடித்து 7 நாள் உறவு வேண்டாம். குணமாகிவிட்டதா என்று அடுத்த வாரமே பி.சி.ஆர். எடுத்துக் காசை வீணாக்காதீர்கள், செத்த கிருமியையும் அது காட்டும். 3 மாதம் கழித்து எடுங்கள்.

எல்லாம் நெகட்டிவ் என்று வந்தவர்கள் அந்தத் தாளோடு காமாலை பி தடுப்பூசி பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். நாடு முழுக்கக் குழந்தைகளுக்கு அது 2011இல்தான் வந்தது, அதற்கு முன் பிறந்த பலர் போட்டிருக்க மாட்டீர்கள். 3 தவணை: இன்று ஒன்று, ஒரு மாதத்தில் ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று. 26 வயது வரை உள்ளவர்கள், ஆணானாலும் பெண்ணானாலும், கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் எச்.பி.வி. கிருமிக்கான தடுப்பூசியையும் சேர்த்துக் கேளுங்கள். அதில் இந்தியத் தயாரிப்பு 2023இலிருந்து வருகிறது, விலை குறைவு. தடுப்பூசியை என் கடையில் வாங்கினால் ஐஸ் வைத்துத்தான் கொடுப்பேன், வழியில் எங்கேயும் நிற்காமல் நேரே கிளினிக்குக்குக் கொண்டு போங்கள்.